ஊசி போட்டு நோய் போச்சு... காது ஏன் போச்சு?

காசிமேடு மீன் ஏலத்துல நின்னு பழகின ஒருத்தர் சாதாரணமாப் பேசினாலே, வெளியூர்க்காரங்களுக்குச் சண்டை போடுற மாதிரித்தான் கேட்கும். ராயபுரத்துல இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில வரிசைகட்டி நிற்கிற கன்டெய்னர் லாரிகளோட ஹாரன், கல்மண்டபம் மார்க்கெட்டோட இரைச்சல், படகு இன்ஜின் சத்தம்னு எல்லாத்தையும் தாண்டி நம்ம குரல் போய்ச் சேரணும்னா கத்தித்தான் ஆகணும். அதனாலேயே இந்தப் பக்கத்துல ஒருத்தருக்குக் காது மந்தமாகிட்டு வந்தா, அது ரொம்ப லேட்டாத்தான் தெரியவருது. எல்லாருமே சத்தமாப் பேசுற இடத்துல யாருக்குக் கேட்கலைனு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்டுபிடிச்ச பிறகும் சொல்றதுக்குக் காரணங்கள் ரெடியா இருக்கும். 'வயசாகிடுச்சு', 'ஹார்பர்ல வேலை பார்த்தவர்', 'எந்நேரமும் ஹெட்போன் மாட்டிக்கிட்டே இருந்தா?' இப்படி. எல்லாமே நியாயமான காரணங்கள்தான். ஆனா, இதுல ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போயிடுது: "சமீபத்துல ஏதாவது ஊசி போட்டுக்கிட்டீங்களா? என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

உயிரைக் காப்பாத்துற சில மருந்துகளுக்கு உள்காதைச் சேதப்படுத்துற குணமும் உண்டு. சில மருந்துகளை நிறுத்தினதும் காது பழையபடி திரும்பிடும். சில மருந்துகளால போனது போனதுதான். எது எந்த வகைன்னு தெரிஞ்சுவெச்சிருக்கிறது உங்களுக்கு இல்லைன்னாலும் உங்க வீட்ல யாருக்காவது ஒருநாள் உதவும்.

ஒரு பட்டாணி அளவு நத்தைக்கூடு

காதுன்னு நாம சொல்றது வெளியில தெரியுற மடலைத்தான். நிஜமான வேலை நடக்கிற இடம், மண்டையோட்டு எலும்புக்குள்ள பட்டாணி அளவுல இருக்கிற ஒரு நத்தைக்கூடு. ரெண்டரைச் சுற்று சுத்தியிருக்கும். அதுக்குள்ள சுமார் 15,000 முடிசெல்கள் வரிசையா நிற்குது. பேர்தான் முடிசெல், தலைமுடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. செல்லோட உச்சியில குச்சி குச்சியா இழைகள் இருக்கிறதால அந்தப் பேர். சத்தம் வந்தா இந்த இழைகள் ஆடும், அதுல இருக்கிற நுண்ணிய வாசல் திறக்கும், மின்சாரத் தகவல் மூளைக்குப் போகும்.

தலைமுடி கொட்டினா, கவலைப்பட்டு எண்ணெய் மாத்தி ஷாம்பு மாத்திப் பார்க்கிறோம். லட்சக்கணக்குல இருக்கிற அந்த முடி திரும்ப முளைக்கவும் செய்யும். இந்த 15,000 செல்கள் நீங்க அம்மா வயித்துல இருக்கும்போதே உருவானவை. அதுக்கப்புறம் ஒண்ணுகூடப் புதுசா முளைக்காது. வாழ்நாள் ஸ்டாக் அவ்வளவுதான்.

நத்தைக்கூட்டோட வாசல் பக்கம் இருக்கிற செல்கள், கீச்சுக் குரல் மாதிரியான உச்ச அதிர்வெண் சத்தங்களுக்கு. உள்ளே போகப் போக கனமான, தாழ்ந்த சத்தங்களுக்கு. காதைப் பாதிக்கிற மருந்துகள்ல பெரும்பாலானவை முதல்ல கை வைக்கிறது இந்த வாசல் பக்கத்துலதான். மழை வெள்ளம் வந்தா தெருமுனை வீட்டுக்குள்ள முதல்ல தண்ணி ஏறுமே, அந்த மாதிரி.

இதுலதான் சிக்கலே. மனுஷக் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாம பேசுற பேச்சுக்குத் தேவையானது பெரும்பாலும் கீழ்ப்பாதியிலேயே முடிஞ்சிடும். அதனால மேல இருக்கிற பகுதி காலியாகிற வரைக்கும் உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போது, "சத்தம் கேட்குது... ஆனா, என்ன சொல்றாங்கன்னு புரியலை"ங்கிற நிலைமை வந்திருக்கும். உயிரெழுத்து காதுல விழும், மெய்யெழுத்து நழுவிடும். சொன்னது 'கடை'யா, 'சடை'யா, 'படை'யான்னு குழப்பம் வரும். நாலு பேர் பேசுற இடத்துல இன்னும் மோசம். பலர் இதைக் கவனக்குறைவுன்னு திட்டு வாங்கியே கடந்துடுறாங்க.

நத்தைக்கூட்டுக்கு ஒட்டினாப்போலவே இன்னோர் உறுப்பு இருக்கு. மூணு அரைவட்டக் குழாய்கள், ரெண்டு சின்னப் பைகள். நீங்க நிமிர்ந்து நிற்கிறதுக்கும், நடக்கும்போது உலகம் ஆடாம தெரியுறதுக்கும் இதுதான் காரணம். அங்கேயும் இதே முடிசெல்கள்தான். மருந்து அங்கேயும் போகும்.

டி.பி-யும் காதும்: சேத்துப்பட்டு வழியா ஒரு கதை

1943-ல அமெரிக்காவுல, செல்மன் வாக்ஸ்மனோட ஆய்வகத்துல ஆல்பர்ட் ஷாட்ஸ்ங்கிற மாணவர், மண்ணுல வாழுற ஒரு பாக்டீரியாவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரிச்சு எடுத்தார். காசநோய்க்குனு நிஜமாவே வேலை செஞ்ச முதல் மருந்து இதுதான். அதுவரைக்கும் நல்ல காத்து, முட்டை, பால், படுக்கை இவ்வளவுதான் சிகிச்சை. மருந்து கொடுக்க ஆரம்பிச்ச ஓரிரு வருஷத்துலயே டாக்டர்கள் கவனிச்சாங்க: நோயாளிகளுக்கு இருமல் குறையுது, எடை கூடுது... ஆனா, எழுந்து நடந்தா தள்ளாடுறாங்க.

அந்தத் தள்ளாட்டம் எப்படி இருக்கும்னு, ஸ்ட்ரெப்டோமைசினால சமநிலை உறுப்பை இழந்த ஒரு டாக்டரே 1952-ல 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ்ல எழுதியிருக்கார். படுத்துக்கிட்டுப் புத்தகம் படிக்கணும்னா, கட்டில் கம்பிக்கு நடுவுல தலையை அழுத்தமா முட்டுக்கொடுத்துக்கணுமாம். இல்லைன்னா, அவரோட இதயத் துடிப்பு தலையை ஆட்டுற அந்தச் சின்ன அசைவுலயே எழுத்துகள் குதிக்குமாம். நம்ம எல்லாருக்கும்தான் துடிப்புக்குத் துடிப்பு தலை ஆடுது. அதை உள்காது சரிபண்ணிக்கிட்டே இருக்கிறதால நமக்குத் தெரியறதில்லை.

காசநோய் சிகிச்சை வரலாற்றுல சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. 1956-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், மெட்ராஸ் அரசு எல்லாம் சேர்ந்து இங்க ஒரு மையம் தொடங்கினாங்க. இன்னிக்கு சேத்துப்பட்டுல இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சானடோரியத்துல படுக்கவெச்சு வைத்தியம் பார்க்கிறதும், நெரிசலான வீட்டுல இருந்துக்கிட்டே மருந்து சாப்பிடுறதும் கிட்டத்தட்ட ஒரே பலனைத்தான் தருதுன்னு 1959-ல வெளியான இவங்க ஆய்வு காட்டுச்சு. உலகமே வைத்தியத்தை வீட்டுக்கு மாத்தினதுக்குப் பின்னால நம்ம ஊரு ஏழை நோயாளிகள் இருக்காங்க. 1964-ல வெளியான இன்னோர் ஆய்வுல, வாரத்துக்கு ரெண்டு தடவை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோநயசிட் மாத்திரையும் கண்ணெதிர்ல கொடுத்தாலே போதும்னு காட்டினாங்க. பிறகு வந்த 'டாட்ஸ்' திட்டத்துக்கு இதெல்லாம்தான் அஸ்திவாரம்.

ஊசி அப்படித்தான் நம்ம தெருக்களுக்குள்ள வந்துச்சு. வந்தது நல்லதுக்குத்தான், சந்தேகமே வேண்டாம். டி.பி-யை அப்படியே விட்டா அது ஆளையே கொல்லும். ஆனா, பிற்பாடு மருந்துக்குக் கட்டுப்படாத எம்.டி.ஆர் டி.பி வந்தப்போ கதை கடுமையாச்சு. அதுக்கு 2007-க்கு அப்புறம் நம்ம நாட்டுத் திட்டத்துல கொடுத்தது கனாமைசின் ஊசி. வாரத்துல ஆறு நாள், குறைஞ்சது ஆறு மாசம். கணக்குப் போட்டுப் பாருங்க, 150 ஊசிக்கு மேல வரும். ஸ்ட்ரெப்டோமைசின் பெரும்பாலும் சமநிலையைத் தாக்கும்னா, கனாமைசினும் அமிக்காசினும் நேரா கேட்கும் திறனையே தாக்குற ரகம்.

வாசல் வழியா போற திருடன்

ஸ்ட்ரெப்டோமைசின், கனாமைசின், அமிக்காசின், ஜென்டாமைசின், நியோமைசின் இதெல்லாம் ஒரே குடும்பம்: அமினோகிளைக்கோசைடுகள். ('சின்'னு முடியுற எல்லா மருந்தும் இந்தக் குடும்பம் இல்லைங்க. அசித்ரோமைசின் வேற வீட்டுப் பிள்ளை.) ரத்தத்துல கலந்த இந்த மருந்து உள்காதுத் திரவத்துக்குப் போகும். அங்கிருந்து முடிசெல்லுக்குள்ள எப்படி நுழையுது தெரியுமா? சத்தம் வரும்போது திறக்குதுன்னு சொன்னோமே ஒரு நுண்ணிய வாசல், அதே வாசல் வழியாத்தான். உள்ள போகத் தெரிஞ்ச மருந்துக்கு வெளியே வரத் தெரியாது. உள்ளேயே தங்கி, செல்லைத் துருப்பிடிக்க வைக்கிற மாதிரி வேதிப்பொருள்களைக் கிளப்பிவிடும். கடைசியில செல்லே தன்னை அழிச்சுக்கும்.

ரத்தத்துல இருக்கிற மருந்தை சிறுநீரகம் சில மணி நேரத்துல வெளியேத்திடும். உள்காதுல அது வாரக்கணக்குல, சமயத்துல மாசக்கணக்குல தங்கும். அதனால ஊசி நிறுத்தி ஒரு மாசம் கழிச்சுக்கூட காது இறங்கலாம். "ஊசியை நிறுத்தியே ரொம்ப நாளாச்சே, அதனால இருக்காது"ன்னு முடிவு கட்டுறது தப்பு.

இன்னொரு விஷயம் கொஞ்சம் பயமானது, ஆனா தெரிஞ்சுக்க வேண்டியது. இந்த மருந்து பாக்டீரியாவைக் கொல்றது, அதோட புரதத் தொழிற்சாலையைக் கெடுத்து. நம்ம செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவும் ஆதியில பாக்டீரியா வம்சம்தான். அதுக்கும் கிட்டத்தட்ட அதே மாதிரி தொழிற்சாலை இருக்கு. சிலருக்கு மைட்டோகாண்ட்ரியா மரபணுவுல ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்த மாற்றம், தொழிற்சாலையை இன்னும் பாக்டீரியா ஜாடைக்குக் கொண்டுவந்துடும். அவங்களுக்கு வழக்கமான அளவுல ஒண்ணு ரெண்டு ஊசி போட்டாலே காது போயிடலாம். மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்டயிருந்து மட்டும்தான் வரும். அதனால டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்களே சொல்ல வேண்டிய தகவல் இது: 'அம்மா வழியில பாட்டி, மாமா, சித்தி, அவங்க பிள்ளைங்கன்னு யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது கேட்காமப் போச்சா?' இங்கிலாந்துல மான்செஸ்டர்ல, பிறந்த குழந்தையோட கன்னத்துல பஞ்சால தடவி எடுத்து 26 நிமிஷத்துல இந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்டை நடைமுறையில செஞ்சே காட்டியிருக்காங்க. நம்ம வீட்ல டெஸ்ட் இல்லாமலேயே, ஒரு பாட்டியோட ஞாபகசக்தி அந்த வேலையில பாதியைச் செஞ்சிடும்.

காது போனவங்க கேட்ட கேள்வி

மும்பையில பத்திரிகையாளரா இருக்கிற நந்திதா வெங்கடேசனுக்கு, வயித்துல டி.பி ரெண்டாவது தடவையா வந்தது 2013-ல. சிகிச்சைக்குப் போட்ட ஊசியால கேட்கும் திறன்ல பெரும்பகுதி போயிடுச்சு. அவர் பரதநாட்டியம் ஆடுறவர். தாளம் காதுல விழாம எப்படி ஆடுறது? பார்வையாலயும் எண்ணிக்கையாலயும் பழகி, திரும்பவும் மேடை ஏறினார். தென்னாப்பிரிக்காவுல கேப்டவுன் பக்கத்து கயலிட்ஷாவைச் சேர்ந்த ஃபுமேசா டிசிலேவுக்கும் இதே கதை. கனாமைசின் அவரோட காதை எடுத்துக்கிச்சு.

ஊசியே இல்லாம எம்.டி.ஆர் டி.பி-யைக் குணப்படுத்த உதவுற மாத்திரை ஒண்ணு வந்துச்சு: பெடாகுவிலின். விலை எக்கச்சக்கம். அதைத் தயாரிக்கிற ஜான்சன் அண்ட் ஜான்சன், இந்தியாவுல தன்னோட காப்புரிமையை 2027 வரைக்கும் நீட்டிக்க விண்ணப்பிச்சது. இந்த ரெண்டு பெண்களும் அதை எதிர்த்து இந்தியக் காப்புரிமை அலுவலகத்துல மனு போட்டாங்க. 2023 மார்ச்ல அந்த நீட்டிப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதே வருஷம் ஜூலையில மூலக் காப்புரிமை முடிஞ்சதும், மத்த கம்பெனிகள் இந்த மாத்திரையைத் தயாரிக்கிற வழி திறந்துச்சு.

மருத்துவ வழிகாட்டுதல்களும் இதுக்கிடையில மாறுச்சு. எம்.டி.ஆர் டி.பி-க்கு கனாமைசின் வேண்டாம்னு 2018-ல உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது. இந்தியாவுலயும் மாத்திரை மட்டுமே கொண்ட சிகிச்சை முறைகள் வந்துச்சு. 2024 செப்டம்பர்ல, பெடாகுவிலின் உட்பட நாலு மருந்துகள் சேர்ந்த ஆறு மாச சிகிச்சைக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அதாவது, இன்னிக்கு ஓட்டேரியிலயோ ஸ்டான்லியிலயோ புதுசா எம்.டி.ஆர் டி.பி-ன்னு கண்டுபிடிக்கப்படுற ஒருத்தருக்கு ஊசி தவிர்க்க முடியாத விஷயம் இல்லை. டி.பி மருந்துன்னாலே காது போயிடும்னு பயந்து மாத்திரையை நிறுத்துறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. சாதாரண டி.பி-க்கு இப்போ கொடுக்கிற நாலு மருந்துக் கூட்டுல ஊசியே கிடையாது.

ஆனா, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி நூத்தம்பது ஊசி போட்டு நோயை ஜெயிச்சவங்க நம்ம தெருவுல இன்னும் இருக்காங்க. டி.வி வால்யூமைக் கூட்டி வெச்சுக்கிட்டு, போனை எடுத்தா "அப்புறம் பேசுறேன்"னு வெச்சுடுறவங்கள்ல சிலர் அவங்களா இருக்கலாம். குணமானவர் பட்டியல்ல அவங்க பேர் இருக்கும். காது பத்தின பட்டியல் யார்கிட்ட இருக்கு?

டி.பி இல்லைன்னாலும்...

அமிக்காசினும் ஜென்டாமைசினும் இன்னிக்கும் ஆஸ்பத்திரிகள்ல தினசரி புழங்குற மருந்துகள். கடுமையான கிருமித்தொற்று, மத்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத சிறுநீர்த் தொற்று, பச்சிளங்குழந்தைக்கு ரத்தத்துல தொற்றுன்னா இது தேவைப்படும். சில நாள் கொடுக்கிறதால பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அஞ்சு நாளுக்கு மேல இந்த ஊசி போட்ட குழந்தைன்னா, காது பரிசோதனையில ஒரு கண் வெச்சுக்கணும்ங்கிறது குழந்தைகள் செவித்திறன் நிபுணர்களோட பரிந்துரை. ஆர்.எஸ்.ஆர்.எம்-ல பிள்ளை பெத்து, என்.ஐ.சி.யூ-ல சில நாள் வெச்சிருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த குடும்பங்கள் ராயபுரத்துல ஏராளம். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்க. என்ன ஊசி, எத்தனை நாள்னு அதுல இருக்கும். கர்ப்பிணிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் போடுறதில்லைங்கிறதுக்கும் காரணம், வயித்துல இருக்கிற பிள்ளையோட காதுதான்.

சிறுநீரகம் பலவீனமா இருக்கிறவங்களுக்கு ஆபத்து கூடுதல். மருந்து வெளியேற வழி அடைச்சிருக்கும்போது, அது தேங்குற இடம் காதாத்தான் இருக்கும். இதோட உடம்புல நீர் இறக்கறதுக்குப் போடுற ஃப்ரூசமைடு ஊசியும் சேர்ந்தா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு ஆகாது, அஞ்சாகிடும்.

புற்றுநோய்க்குக் கொடுக்கிற சிஸ்பிளாட்டின் தனிக் கதை. உடம்பின் மத்த இடத்துல இருந்து வெளியேறுற இந்த மருந்து, நத்தைக்கூட்டை விட்டு மட்டும் நகர்றதே இல்லைன்னு 2017-ல அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. சிகிச்சை முடிஞ்சு மாசங்கள், வருஷங்கள் ஆகியும் அங்கேயே இருக்கு. குழந்தைகளுக்கு இந்தப் பாதிப்பைக் குறைக்க, சோடியம் தயோசல்ஃபேட் மருந்துக்கு 2022-ல அமெரிக்கா அனுமதி கொடுத்திருக்கு. உடம்புல பரவாத கட்டிகளுக்கு மட்டும்தான் அது.

அப்புறம் நம்ம மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்து. காதுல சீழ் வந்தா, "ஒரு டிராப்ஸ் கொடுங்கண்ணா"ன்னு வாங்கிட்டு வந்து ஊத்துறது பழக்கமாகிடுச்சு. காதுச் சவ்வு முழுசா இருந்தா மருந்து வெளியிலேயே நின்னுடும். சவ்வுல ஓட்டை இருந்தா, ஜென்டாமைசினோ நியோமைசினோ கலந்த சொட்டு உள்காதுக்கே போக வாய்ப்பு உண்டு. ஓட்டை இருக்கா இல்லையான்னு கடைக்கார அண்ணனுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. டார்ச் அடிச்சுப் பார்க்கிற ஈ.என்.டி டாக்டருக்குத்தான் தெரியும்.

ராயபுரம் - எண்ணூர் பக்கத்துக்குன்னே தனியா ஒண்ணு சொல்லணும். மருந்தும் இரைச்சலும் சேர்ந்தா பாதிப்பு பல மடங்கு. ஊசி போடுற காலத்திலும், முடிஞ்சு சில மாசங்களுக்கும் பெரும் இரைச்சலை விட்டுத் தள்ளியிருக்கணும். ஹெட்போன் வால்யூமும் இதுல சேர்த்தி. சில தொழிற்சாலை ரசாயனங்களும் காதுக்கு ஆகாது: டொலுவீன், சைலீன், ஸ்டைரீன், ஈயம். ஃபைபர் படகு செய்யற, பழுது பார்க்கிற இடத்துல ரெசின் கலக்கும்போது மூக்கைத் துளைக்குமே ஒரு வாடை, அதுதான் ஸ்டைரீன். போலந்துல படகு கட்டும் தொழிலாளர்கள்கிட்ட நடந்த ஆய்வுல, இரைச்சலும் ஸ்டைரீனும் சேர்ந்த இடத்துல காது பாதிப்பு கூடுதலா இருந்துச்சு. இங்க பட்டறையில வேலை பார்க்கிற தம்பிகள் மூக்குக்குத் துணி கட்டுறாங்க. அந்தத் துணி இந்த ஆவியைத் தடுக்காது.

எது திரும்பும், எது திரும்பாது?

நல்ல செய்தி முதல்ல. ஆஸ்பிரினைக் கிராம் கணக்குல சாப்பிட்டா காதுல ரீங்காரம் கேட்கும், கேட்கும் திறனும் குறையும். செல்லைக் கொல்றதில்லை, சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஒரு புரதத்தை ஆட விடாம பிடிச்சுக்குது. மருந்தை நிறுத்தினா பெரும்பாலும் ஓரிரு நாள்ல சரியாகிடும். இதயத்துக்காக தினமும் 75 மில்லிகிராம் சாப்பிடுறவங்க இதைப் படிச்சிட்டு நிறுத்திடாதீங்க. அது ரொம்பச் சின்ன அளவு. ஃப்ரூசமைடு, மலேரியாவுக்கான குவினைன், அசித்ரோமைசின் இவற்றால வர்ற பாதிப்பும் பெரும்பாலும் திரும்பக்கூடியது. குவினைன் சாப்பிட்டா காது இரையும்ங்கிறது நீலகிரி நடுவட்டத்துல சின்கோனா பட்டையிலிருந்து குவினைன் தயாரிச்ச காலத்திலேயே டாக்டர்களுக்கு அத்துப்படி.

அமினோகிளைக்கோசைடும் சிஸ்பிளாட்டினும் முடிசெல்லையே கொன்னுடும். கோழிக்கும் மீனுக்கும் செத்த முடிசெல் திரும்ப முளைக்கும். பறவைகளுக்கு அப்படி முளைக்குதுன்னு 1980-களின் கடைசியில கண்டுபிடிச்சதிலிருந்து, மனுஷனுக்கும் முளைக்க வைக்க முடியுமான்னு தேடிக்கிட்டேதான் இருக்காங்க. ரொம்ப எதிர்பார்க்கப்பட்ட எஃப்.எக்ஸ்-322 மருந்து 2023-ல சோதனையில தோத்துப்போச்சு. 'காது நரம்பை உயிர்ப்பிக்கும் தைலம்', 'பத்தே நாளில் காது கேட்கும்'னு போன்ல விளம்பரம் வந்தா, காசைப் பத்திரமா வெச்சுக்கங்க. அதுக்கு ஒரு நல்ல ஹியரிங் எய்டு பேட்டரி வாங்கலாம்.

அதனால எல்லாமே, சேதத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறோம்ங்கிறதுலதான் இருக்கு. இந்த ஊசி நீண்ட நாள் போடணும்னு டாக்டர் சொன்னா, நீங்க கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "முதல் ஊசிக்கு முன்னாடி காது டெஸ்ட் எடுத்துடலாமா, டாக்டர்?" ஆரம்ப அளவு கையில இருந்தாத்தான் பின்னாடி எவ்வளவு இறங்கியிருக்குன்னு சொல்ல முடியும். அவசரம்னா முதல் மூணு நாளுக்குள்ள எடுத்துடலாம். அதுக்கப்புறம் இடைவெளி விட்டு, சிகிச்சை முடிஞ்சு சில மாசம் வரைக்கும் தொடரணும். வழக்கமான ஆடியோகிராம் 8,000 ஹெர்ட்ஸோட நின்னுடும். மருந்து அதுக்கு மேலதான் ஆரம்பிக்கும். அதனால 'ஹை ஃப்ரீக்வென்சி ஆடியோமெட்ரி' இருக்கான்னு கேளுங்க. கைக்குழந்தைக்கும், பதில் சொல்ல முடியாதவங்களுக்கும் ஓ.ஏ.இ-ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு; காதுல சின்ன மைக் வெச்சு எடுப்பாங்க, வலிக்காது. ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல ஈ.என்.டி பிரிவுலயே இதுக்கு வழிகாட்டுவாங்க. போன்ல இருக்கிற ஹியரிங் டெஸ்ட் ஆப்கள் ஓரளவுக்குத்தான். மருந்தோட ஆரம்பச் சேதம் அதுல தப்பிச்சிடும்.

நடுவுல காதுல புதுசா ரீங்காரம், அடைப்பு, தள்ளாட்டம், நடக்கும்போது பஸ் போர்டு எழுத்து குதிக்கிறது... இதுல எது வந்தாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க. நீங்களா மருந்தை நிறுத்த வேண்டாம். அளவைக் குறைக்கிறதா, மாத்துறதா, அப்படியே தொடர்றதான்னு எடைபோட்டுச் சொல்ல அவங்களாலதான் முடியும். சமயத்துல உயிருக்கு முன்னாடி காது ரெண்டாவதுதான். ஆனா, அந்த முடிவு உங்களுக்குத் தெரிஞ்சு எடுக்கப்படணும்.

ஏற்கெனவே போயிடுச்சுன்னா?

சமநிலை போனவங்களுக்கு மூளை பெரிய அளவுல கைகொடுக்கும். கண்ணை ஒரு புள்ளியில நிறுத்தித் தலையை இடவலமா ஆட்டுறது, மெத்தை மேல நிற்கிறது, திரும்பித் திரும்பி நடக்கிறதுன்னு பயிற்சிகள் இருக்கு. பிசியோதெரபிஸ்ட் கத்துக்கொடுப்பார். ஆரம்பத்துல குமட்டும், விட்டுடக் கூடாது. கண்ணும் பாதமும் உள்காதோட வேலையைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும். அதனாலேயே இருட்டும் மணலும் இவங்களுக்குச் சத்துரு. இதைவிட முக்கியம் தண்ணி. தண்ணிக்கடியில மேல எது, கீழ எதுன்னு சொல்றது பெரும்பாலும் உள்காதுதான். காசிமேட்டுல பிறந்து, நீச்சல்ல சூரனா இருந்தாலும், இந்தப் பாதிப்பு உள்ளவர் தனியாக் கடல்ல இறங்கக் கூடாது. படகுக்குப் போறவரா இருந்தா லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டவே கூடாது. இதை அவர்கிட்ட யாராவது சொன்னாங்களான்னு விசாரிச்சுப் பாருங்க.

கேட்கும் திறன் போனவங்களுக்கு ஹியரிங் எய்டு. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலமா காதுக்குப் பின்னால மாட்டுற கருவி இலவசமாவே கிடைக்குது. சட்டப்படி மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு ரெண்டு காதுலயும் பேச்சு அதிர்வெண்கள்ல 60 டெசிபல் இழப்பாவது இருக்கணும். உச்ச அதிர்வெண்ணை மட்டும் இழந்து, கூட்டத்துல ஒரு வார்த்தையும் புரியாம தவிக்கிறவருக்கு இந்தச் சராசரிக் கணக்குல இடமில்லாம போயிடுது. நியாயமான கணக்கா இது படலை. முழுசாப் போனவங்களுக்கு காக்ளியர் இம்பிளான்ட் உண்டு. செத்த முடிசெல்லைத் தாண்டி நேரா நரம்புக்கே மின்தகவல் அனுப்புற கருவி. ஃபுமேசா அப்படித்தான் திரும்பக் கேட்டார். தமிழ்நாட்டுல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இது சின்னக் குழந்தைகளுக்கு இலவசம். பெரியவங்களுக்குச் செலவு லட்சக்கணக்குல.

வீட்ல இருக்கிறவங்க பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு, செலவே இல்லாதது. கத்தாதீங்க. கத்தினா உயிரெழுத்துதான் பெருசாகும், தொலைஞ்ச மெய்யெழுத்து திரும்பாது. முகத்தைப் பார்த்து, கொஞ்சம் நிதானமா, வெளிச்சத்துல நின்னு பேசுங்க. புரியலைன்னா அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லாம வேற வார்த்தையில சொல்லுங்க. போன் பண்றதுக்குப் பதிலா வாட்ஸ்அப்ல டைப் பண்ணுங்க. உங்க போன்லயே பேச்சை எழுத்தாக் காட்டுற ஆப் இருக்கு, தமிழும் தெரியும் அதுக்கு.

ஊசியால காது பாதிச்சதுன்னு சந்தேகம் இருந்தா, நோயாளியோ குடும்பத்தினரோ நேரடியாவே பதிவு செய்யலாம். மருந்துப் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கிற தேசியத் திட்டத்தோட இலவச எண் 1800-180-3024. அதுக்கான படிவம் தமிழ்லயும் இருக்கு. காசநோய் சம்பந்தமான உதவிக்கு 1800-11-6666. கூப்பிடறதுக்கு முன்னாடி பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேடி எடுத்து வெச்சுக்கங்க. மருந்தோட பேர், எந்தத் தேதியில ஆரம்பிச்சது, எத்தனை ஊசி, காது எப்போ இறங்க ஆரம்பிச்சதுன்னுதான் முதல்ல கேட்பாங்க.